பற்றவைக்கும் முன்பே பிறக்கும் பலம்

சிங்கப்பூரின் கடல் தொழிலை வளர்த்தது இயந்திரமா, கைத்திறனா? கைத்திறனே என்பது என் கட்சி. அதற்குச் சான்று ஒரு குழாய் இணைப்பு.

செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை 1938இல் திறக்கப்பட்டது. தமிழரும் மலையாளிகளும் பெருமளவில் அங்கு உழைத்தனர். 1968இல் அது செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது. 1970களில் எண்ணெய்த் துரப்பண மேடைகளையும் நாம் கட்டத் தொடங்கினோம். அவற்றில் பலவற்றின் கால்கள் இரும்புக் குழாய்களால் பின்னப்பட்டவை.

ஒரு குழாய் மற்றொன்றின் மீது படிந்து அமர, அதன் முனையை மீன் வாய் போல வெட்ட வேண்டும். விளிம்பைச் சாய்வாகச் சீவி, துரு, எண்ணெய், சாயம் அனைத்தையும் நீக்க வேண்டும். அழுக்கு இருந்தால் பற்றவைப்பில் துளைகள் விழும். பல இணைப்புகளில் சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுவார்கள். அது குறைந்தால் உருகிய உலோகம் அடிவரை இறங்காது, கூடினால் ஒழுகிவிடும். பிறகு அங்கங்கே புள்ளி வைத்துப் பிடித்து, நேராக இருக்கிறதா என்று மீண்டும் அளப்பார்கள். இத்தனையும் ஃபிட்டரின் வேலை. வெல்டர் வருவது அதன் பிறகே.

இதில் அலட்சியம் காட்டினால் என்ன ஆகும்? 1980 மார்ச் 27 அன்று வடகடலில் 'அலெக்சாண்டர் கீலண்ட்' என்ற மேடை கவிழ்ந்தது. இருந்த 212 பேரில் 123 பேர் மாண்டனர். ஒலிக்கருவி ஒன்றைத் தாங்க, குறுக்குக் குழாயில் சிறு தாங்கி ஒன்றைப் பற்றவைத்திருந்தார்கள். விரிசல் தொடங்கியது அங்கேதான். விரிசலுக்குள் சாயம் காணப்பட்டது. அப்படியானால் மேடை கட்டப்பட்டபோதே விரிசல் இருந்திருக்கிறது! சிறிய இணைப்புதானே என்று விட்டதன் விலை அது.

நம் ஊரிலும் பாடம் உண்டு. 1978 அக்டோபர் 12 அன்று ஜூரோங் கப்பல் பட்டறையில் 'ஸ்பைரோஸ்' எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் உயிரிழந்தனர். எரிவாயு வெட்டுக்கருவியின் வெப்பம், தொட்டியில் இருந்த ஆவியைப் பற்றவைத்தது. நெருப்பைத் தொடுமுன் செய்யும் ஆயத்தம் இணைப்பை மட்டுமல்ல, உயிரையும் காக்கிறது.

இன்று தானியங்கி இயந்திரங்களும் பற்றவைக்கின்றன. ஆனால் கோணலாகப் பொருத்திய குழாயை இயந்திரமும் கோணலாகவே ஒட்டும். சுவா சூ காங்கில் விளக்கைப் போட்டுவிட்டு நிம்மதியாக அமரும் நாம், துவாஸ் நோக்கி விடியலில் லாரியில் போகும் அந்த ஃபிட்டரையும் நினைக்க வேண்டாமா? அவர் சீவிய விளிம்பு யார் கண்ணிலும் படாது. பாரத்தைத் தாங்குவது அதுதான்.