கண் என்றொரு எழுத்து

அலி, உமர், ஈசா என்று நாம் தமிழில் எழுதும் பெயர்களில் ஓர் ஒலி விடுபட்டிருக்கிறது. மூன்றுமே அரபியில் 'ஐன்' என்ற எழுத்தில் தொடங்குபவை. 'அரபி' என்ற சொல்லே அப்படித்தான். நாவின் அடியைப் பின்னுக்கு இழுத்து, தொண்டையை நெருக்கி, குரலோடு எழுப்பும் மெய் அது. அரபி, சோமாலி, காகசஸ் மலைநாட்டின் செச்சன், கனடாவின் வான்கூவர் தீவிலுள்ள நூச்சானுல்த் என்று உலகில் மிகச் சில மொழிகளிலேயே இத்தகைய தொண்டை மெய்கள் உண்டு.

ஐன் என்றால் கண். 3,500 ஆண்டுகளுக்கு முன்பே, சினாயில் எகிப்தியர் பசுநீலக்கல் வெட்டிய சுரங்கங்களின் அருகே, செமிட்டிக் மொழி பேசியவர்கள் கண்ணை வரைந்து இந்த ஒலியைக் குறித்தார்கள். பினீசியர் கையில் அந்தக் கண் வெறும் வட்டமானது. அவர்களிடம் எழுத்தைக் கடன் வாங்கிய கிரேக்கரின் மொழியில் இவ்வொலி இல்லை. வட்டத்தை 'ஒ' என்ற உயிருக்கு வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தின் 'ஓ' எழுத்து அந்தக் கண்தான்.

நாமும் அப்படியே. தாலுகா, ஜமாபந்தி, அமல் ஆகிய சொற்கள் அரபியில் ஐன் உள்ளவை. பாரசீகம் வழியாக வந்தபோதே தொண்டை நெருக்கத்தை இழந்துவிட்டன. இல்லாத ஒலியை ஏற்காததில் யாருக்கும் நட்டமில்லை.

இருந்த ஒலியை இழப்பது வேறு. எபிரேய மொழியிலும் இவ்வெழுத்து உண்டு. ஐரோப்பிய யூதர்களிடம் எழுத்து நின்றது, ஒலி போனது. அரபிச் சூழலில் வாழ்ந்த ஏமன் யூதர்கள் ஒலியையும் காத்தார்கள். 1949-50இல் அவர்களில் ஏறத்தாழ 50,000 பேர் விமானங்களில் இஸ்ரேல் வந்தார்கள். அங்கே ஐனை ஒலிப்பதே செம்மையான உச்சரிப்பு என்று கருதப்பட்டது. வானொலிச் செய்தி வாசிப்பவர்களுக்கும் அதுவே விதி. ஆனால் பதவியும் செல்வாக்கும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களிடம் இருந்தன. தெருவில் ஐன் ஒலித்தால் கீழைநாட்டு வாடை என்றார்கள். பிள்ளைகள் வானொலியைப் பின்பற்றவில்லை, மதிப்புள்ளவர்களைப் பின்பற்றினார்கள். இன்று இஸ்ரேலில் பெரும்பாலோர் பேச்சில் ஐன் இல்லை.

எனக்கு இதில் தெரிவது ஒன்றுதான். 'இதுதான் சரி' என்ற சான்றிதழ் ஒரு ஒலியைக் காப்பாற்றாது. அதைப் பேசுகிறவர் கூச்சமில்லாமல் வாய் திறக்க இடம் வேண்டும். அயல்நாட்டில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.