சியாச்சின் பனிச்சரிவு, 2016

2016 பிப்ரவரி 3 அன்று காரகோரம் மலைத்தொடரின் சியாச்சின் பனியாற்றுப் பகுதியில், சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் நிலை மீது பனிப்பாளம் சரிந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த 10 வீரர்கள் புதையுண்டனர். அவர்களுள் நால்வர் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்த தமிழர்கள். ஆறு நாள்களுக்குப் பின் உயிருடன் மீட்கப்பட்ட லான்ஸ் நாயக் அனுமந்தப்பா, பிப்ரவரி 11 அன்று தில்லி மருத்துவமனையில் இறந்தார். மற்ற ஒன்பது பேரும் பனிக்குள்ளேயே உயிரிழந்தனர்.

சியாச்சினில் 1984 முதல் இந்தியப் படை நிலைகொண்டுள்ளது. 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்து துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஆனால் உயிரிழப்பு ஓயவில்லை. இரு தரப்பிலும் குண்டுகளைவிடப் பனியும் குளிருமே மிகுதியான உயிர்களைக் கொண்டன.

பனிச்சரிவு குளிர்காலத்துக்கு மட்டும் உரியதன்று. 2012 ஏப்ரல் 7 அன்று அருகிலுள்ள கயாரியில் பாகிஸ்தான் படைமுகாம் புதையுண்டு 140 பேர் மாண்டனர். பொதுவாக வசந்த காலத்தில் வெயிலால் மேற்பனி உருகி, நீர் உள்ளே கசிந்து, அடுக்குகளின் பிடிப்பைத் தளர்த்தும். இரவுக் குளிரில் பனி மீண்டும் இறுகும். எனவே மலையேறுவோர் சரிவுகளை விடியலிலேயே கடப்பர். நண்பகலுக்குப் பின் ஆபத்து மிகும். எனினும் கயாரி சரிந்தது அதிகாலையில்தான். எந்த நேரமும் முழுப் பாதுகாப்பானதன்று.