தென்காசித் தொகுதி: முடிவுக்குக் காத்திருந்த காலங்கள்

மக்களவைத் தேர்தல் முடிந்த பின் வாக்காளர் இரண்டு கணக்குகளுக்காகக் காத்திருக்கிறார். ஒன்று, சொந்தத் தொகுதியில் வென்றவர் யார் என்பது. மற்றொன்று, தில்லியில் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பது. தென்காசி வட்டாரத்தில் இவ்விரு கணக்குகளும் பலமுறை ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. மறு ஆண்டே தென்காசி மக்களவைத் தொகுதி முதல் தேர்தலைக் கண்டது, காங்கிரஸின் எம்.சங்கரபாண்டியன் வென்றார். 1967இல் தமிழகத்தின் 39 இடங்களில் தி.மு.க. 25 இடங்களைக் கைப்பற்ற, காங்கிரஸுக்கு மிஞ்சியவை மூன்றே. அவற்றில் தென்காசியும் ஒன்று. 1977 முதல் 1996 வரை ஆறு தேர்தல்களில் எம்.அருணாசலம் தொடர்ந்து வென்றார். கடைசி வெற்றி தமிழ் மாநில காங்கிரஸ் வேட்பாளராக.

வாக்குச்சீட்டுக் காலத்தில் முடிவு வரத் தாமதமானதற்கு எண்ணும் முறையே காரணம். பெட்டியிலிருந்து கொட்டிய சீட்டுகளை முதலில் எண்ணிச் சரிபார்த்துக் கட்டுகளாகக் கட்டுவார்கள். எந்த ஊர் யாருக்கு வாக்களித்தது என்பது வெளிப்படாதிருக்க, பல தேர்தல்களில் வெவ்வேறு சாவடிகளின் கட்டுகளை ஒன்றாகக் கலந்தார்கள். பிறகுதான் வேட்பாளர் வாரியாகப் பிரிப்பு. முத்திரை இரண்டு சின்னங்களுக்கு நடுவே விழுந்திருந்தால், அந்தச் சீட்டு தேர்தல் நடத்தும் அலுவலரின் தீர்ப்புக்குப் போகும். எண்ணிக்கை இரவு முழுவதும் நீண்டு மறுநாளுக்கும் போனதுண்டு. வெளியே இருந்தவர்களுக்கு வானொலிச் செய்தியும் மறுநாள் காலை நாளிதழுமே கதி.

எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காத ஆண்டுகளில் இந்தக் காத்திருப்பு இன்னும் கனத்தது. 1998இல் தென்காசியில் வென்ற எஸ்.முருகேசன், அ.தி.மு.க.வின் 18 உறுப்பினர்களில் ஒருவர். அந்தக் கட்சியின் ஆதரவுக் கடிதம் வந்த பிறகே வாஜ்பாய் அரசு அமைந்தது. ஆதரவு விலகியதும் 1999 ஏப்ரலில் ஒரே வாக்கில் கவிழ்ந்தது. 2004இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி நாடு முழுவதும் பெற்ற 10 இடங்களில் தென்காசியும் இருந்தது, எம்.அப்பாதுரை வென்றிருந்தார். காங்கிரஸுக்கு 145 இடங்களே கிடைத்ததால், வெளியிலிருந்து ஆதரித்த இடதுசாரிகளின் 59 இடங்கள் ஆட்சிக்குத் தூணாயின. ஒரு தொகுதியின் எண்ணிக்கை மேசைக்கும் தில்லி ஆட்சிக்கும் இருந்த தூரம் அவ்வளவு குறைவு.

2004இல் நாடெங்கும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வந்ததும் காத்திருப்பு ஒரு பகலாகச் சுருங்கியது. காலை 8 மணிக்குத் தபால் வாக்குகள், அரை மணி கழித்து இயந்திரங்கள், பிறகு சுற்று வாரியாக முன்னிலை நிலவரம். 2019 முதல் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஐந்து சாவடிகளின் ஒப்புகைச் (விவிபாட்) சீட்டுகளையும் எண்ணிப் பார்க்கிறார்கள். ஆறு சட்டமன்றத் தொகுதிகள் கொண்ட தென்காசிக்கு இது 30 சாவடி. பழைய கலப்பு முறை போனதால், சாவடி வாரி வாக்குகளும் இறுதி முடிவுத் தாளான படிவம் 20இல் வெளியாகின்றன.

இந்த வட்டாரத்தில் கீழப்பாவூர் என்ற ஊரின் நிலை தனி. 2019இல் உருவான தென்காசி மாவட்டத்தில் இருந்தாலும், ஆலங்குளம் சட்டமன்றத் தொகுதியோடு திருநெல்வேலி மக்களவைத் தொகுதியில் அது சேர்கிறது. 2024 ஜூன் 4 அன்று கொடிக்குறிச்சியில் தென்காசித் தொகுதியின் வாக்குகள் எண்ணப்பட்டு தி.மு.க.வின் ராணி ஸ்ரீகுமார் வென்றார். கீழப்பாவூர் மக்களின் உறுப்பினரோ திருநெல்வேலியில் வென்ற காங்கிரஸின் ராபர்ட் புரூஸ். அன்று மாலை நாட்டின் கணக்கும் தெளிந்தது: பா.ஜ.க. 240, காங்கிரஸ் 99. தனிப் பெரும்பான்மைக்கு வேண்டிய 272 எவருக்கும் இல்லை.

அறிவிப்போடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடரலாம். 2021 சட்டமன்றத் தேர்தலில் தென்காசியில் காங்கிரஸின் பழனி நாடார் 370 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வழக்கின் பேரில் 2023 ஜூலையில் தபால் வாக்குகள் மீண்டும் எண்ணப்பட்டு அவர் வெற்றி உறுதியானது. மக்களவையைப் பொறுத்தவரை, வென்றவர்களின் பட்டியலைத் தேர்தல் ஆணையம் குடியரசுத் தலைவரிடம் அளிக்கிறது. 2024இல் அது ஜூன் 6 அன்று நடந்தது. சட்டப்படி புதிய அவை அமைவது, வென்றவர்களின் பெயர்கள் அறிவிக்கையாக வெளியாகும்போதுதான்.