ஷஃபாஅத் (பரிந்துரை)

மறுமை நாளில் பாவிகளின் மன்னிப்புக்காக இறைவனிடம் பரிந்து கேட்பதே ஷஃபாஅத். ஆதம், நூஹ், இப்ராஹீம், மூஸா, ஈஸா என ஒவ்வொருவரும் கைவிரிக்க, மக்கள் கடைசியில் முஹம்மது நபியிடம் வந்து சேர்வார்கள் என்கிறது ஹதீஸ். அல்லாஹ்வின் அனுமதியின்றி எவரும் பரிந்துரைக்க முடியாது (குர்ஆன் 2:255).

இதுவரை சண்டையில்லை.

மறைந்த இறைநேசரை அழைக்கலாமா என்பதில்தான் தகராறு. இலங்கையின் கண்டியில் உள்ள மீரா மக்காம் பள்ளிவாசலில் இப்படி மறைந்த இறைநேசர் ஒருவரின் அடக்கத்தலம் உண்டு. காயல்பட்டினத்து சதக்கத்துல்லா அப்பா (இ. 1703) இயற்றிய ‘யா குத்பா’ என்ற பாடலை ஓதும் குத்பிய்யத் மஜ்லிஸில் விளக்கை அணைத்துவிட்டு, மறைந்த இறைநேசரான முஹ்யித்தீன் ஆண்டகையை ஆயிரம் முறை அழைப்பார்கள். அல்லாஹ்வை மட்டுமே அழைக்க வேண்டும் என்னும் தவ்ஹீத் தரப்புக்கு இப்படி அழைப்பது இணைவைப்பு. சுன்னத் ஜமாஅத்தாருக்கோ வெறும் வஸீலா (இறைவனை நெருங்கும் வழி), கொடுப்பவன் அல்லாஹ்தான். தொழுகை முடிந்ததும் ‘அஸ்தஃபிருல்லாஹ்’ என்று மும்முறை சொல்லி நேரடியாக மன்னிப்புக் கேட்பது இரு தரப்புக்கும் பொது.