இரண்டு பிடி மண்

மாற்று இதயம் பொருத்திக்கொண்டவர்கள் ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அந்த மாத்திரைகளில் சிலவற்றின் சொந்த ஊரைத் தேடிப் போனால் இரண்டு பிடி மண்ணில் போய் நிற்போம். ஒன்று நார்வே மண். மற்றொன்று ஈஸ்டர் தீவு மண்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தீக்காயங்களை ஆராய கிளாஸ்கோ போனார் விலங்கியலாளர் பீட்டர் மெடாவர். அடுத்தவர் தோலை ஒட்டினால் சில நாட்களில் அது அழிந்தது. அதே நபரின் தோலை மறுபடி ஒட்டினால் இன்னும் வேகமாக அழிந்தது. நோய் எதிர்ப்பு மண்டலம் முகம் மறப்பதில்லை! அந்த நினைவாற்றல்தான் இக்கதையின் வில்லன்.

1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் மனித இதயத்தை மாற்றினார். எதிர்ப்பை அடக்கக் கொடுத்த மருந்துகள் கிருமிகளுக்கும் கதவைத் திறந்துவிட, நோயாளி 18 நாட்களில் நிமோனியாவில் இறந்தார். அடுத்த மாதம் இதயம் பெற்ற பிலிப் பிளைபெர்க் 19 மாதங்கள் வாழ்ந்தார். பிரேதப் பரிசோதனையில் மருத்துவர்கள் திகைத்தார்கள். இதயம் கொடுத்தவருக்கு வயது 24தான்; அதன் ரத்தக் குழாய்களோ முதியவருடையவை போல அடைத்துக் கிடந்தன.

காரணம் பிறகு புரிந்தது. கொடையாளியின் அடையாளங்கள் குழாய்களின் உட்பூச்சிலும் இருக்கின்றன. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களும் எதிர்ப்புப் புரதங்களும் வருடக்கணக்கில் அங்கே உரசிக்கொண்டே இருக்க, புண்ணை ஆற்றும் வேகத்தில் குழாய்ச் சுவரின் தசைச் செல்கள் பெருகுகின்றன. சுவர் உள்நோக்கித் தடிக்கிறது. அடைப்பு ஓரிடத்தில் நிற்காமல் குழாய் நெடுகப் பரவுவதால் பைபாஸுக்கும் எளிதில் வசப்படாது.

இதற்கிடையே, சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் ஒரு பழக்கம் இருந்தது. விடுமுறைக்குப் போகும் ஊழியர்கள் போன இடத்து மண்ணைக் கொஞ்சம் அள்ளி வருவார்கள். நார்வேயின் ஹார்டாங்கர்வித்தா பீடபூமியிலிருந்து அப்படி வந்த மண்ணில் ஒரு பூஞ்சை இருந்தது. தேடியதோ கிருமிக்கொல்லி, கிடைத்ததோ, 1972இல் தெரிந்தபடி, எதிர்ப்புச் செல்களை மட்டும் குறிவைத்து அடக்கும் சைக்ளோஸ்போரின். அது தண்ணீரில் கரைய மறுத்தது. கேம்பிரிட்ஜில் அறுவை மருத்துவர் ராய் கால்னிடம் பணியாற்றிய கிரேக்க மருத்துவர் கோஸ்டாகிஸ் அதை ஆலிவ் எண்ணெயில் கரைத்து, மாற்று இதயம் பொருத்திய எலிகளுக்குக் கொடுத்தார். அந்த இதயங்கள் நிலைத்துத் துடித்தன. 1983இல் அமெரிக்கா அனுமதி தந்ததும், இதய மாற்று அறுவை சிகிச்சையைக் கைவிட்டிருந்த மருத்துவமனைகள் திரும்பி வந்தன. தொடக்க மாதங்களின் ஆவேச நிராகரிப்பு அடங்கியது. குழாய்கள் மட்டும் சத்தமின்றித் தடித்துக்கொண்டே இருந்தன.

அதற்குத் தடைபோடும் மண் 1960களிலேயே கப்பலேறியிருந்தது. ஈஸ்டர் தீவுக்குப் போன கனடா நாட்டு மருத்துவக் குழு எடுத்துவந்த மண் அது. மான்ட்ரியாலில் அயர்ஸ்ட் நிறுவனத்தின் சுரேந்திர சேகல் அதிலிருந்து ஒரு பூஞ்சைக்கொல்லியைப் பிரித்து, தீவின் பெயரான ராப்பா நூயியை வைத்து ராபமைசின் என்றழைத்தார். எதிர்ப்புச் சக்தியை அது குறைத்தது. பூஞ்சை மருந்துக்கு அது பெரிய குறை. ஆய்வுக்கூடம் மூடப்பட்டபோது சேகல் மிச்சத்தைத் தன் வீட்டு ஃப்ரீசரில் பத்திரப்படுத்தினார். பழைய குறையே புதிய குணமாகி, 1999இல் அது சிறுநீரக மாற்றுக்கு மருந்தானது. செல் பெருக்கத்தைத் தடுக்கும் அதன் இயல்பு ஸ்டென்ட் செய்பவர்களையும் இழுத்தது. சாதாரண மாரடைப்பு நோயாளிகளின் ஸ்டென்ட்களிலும் அதைப் பூசினார்கள். அதன் உறவான எவரோலிமஸ் மாற்று இதயக் குழாய்களின் தடிப்பைக் குறைப்பதாக 2003இல் ஓர் ஆய்வு காட்டியது.

குறைக்கிறது, அவ்வளவுதான். உடலை மறக்கவைக்கும் மண் இன்னும் யார் காலிலும் ஒட்டவில்லை. மாற்றும்போது இதயத்தின் நரம்புகள் அறுபட்டுவிடுவதால், அடைப்பு வந்தாலும் பெரும்பாலும் நெஞ்சு வலிக்காது. அதனால்தான், ஒரு குறையும் இல்லாமல் நடமாடும் மாற்று இதயக்காரர்கூட அவ்வப்போது ஆஞ்சியோகிராம் மேசையில் போய்ப் படுக்கிறார்.