மைந்தனுக்கு வைத்த பொருள்

மக்களுக்குப் பொருள் தேடி வைப்பது பெற்றோர் கடமை என்பதை எல்லாச் சமுதாயங்களும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஆனால் தேடிய பொருளைப் பிள்ளை வளர்ந்து ஆளாகும்வரை யாரிடம், எவ்வாறு வைப்பது? தேடுவதைக் காட்டிலும் கடினமான வினா இது. இவ்வினாவுக்கு ஒரு தந்தை நன்கு எண்ணிப் பார்த்தே விடை கண்டார், அவ்விடை பொய்த்தது. அவ்வரலாற்றை இன்று காண்போம்.

கி.மு. நான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரில் டெமாஸ்தனிஸ் என்னும் செல்வர் ஒருவர் வாழ்ந்தார். அவருடைய மகனுக்கும் அதுவே பெயர். பிற்காலத்தில் உலகம் போற்றும் பேச்சாளராக விளங்கியவர் இந்த மகனே. இவர் பிறந்தது கி.மு. 384-இல்.

தந்தை, வாள் செய்யும் பட்டறை ஒன்றும் கட்டில் செய்யும் பட்டறை ஒன்றும் வைத்திருந்தார். அவற்றில் உழைத்தவர்கள் ஐம்பதுக்கு மேற்பட்ட அடிமைகள். அக்காலத்து ஏதென்ஸின் செல்வம் இத்தகைய கொடுமையின்மீது எழுந்தது என்பதை நாம் மறத்தலாகாது. வீடும் தந்தமும் இரும்பும், வட்டிக்குக் கொடுத்த பணமும் சேர்ந்து அவருடைய சொத்து ஏறத்தாழ 14 டாலண்டு மதிப்புடையதாக இருந்தது. ஒரு டாலண்டு 60 மினா. ஒரு மினா 100 டிராக்மா. முந்தைய நூற்றாண்டின் இறுதியில் தேர்ந்த கைவினைஞன் ஒருவனின் நாட்கூலி ஒரு டிராக்மா என்பதை நினைந்தால், 84,000 டிராக்மா எத்துணைப் பெருஞ்செல்வம் என்பது விளங்கும்.

மகனுக்கு ஏழு வயதும் மகளுக்கு ஐந்து வயதும் ஆனபோது தந்தை இறந்தார். இறக்குமுன் மூவரைக் காப்பாளராக நியமித்து உயில் எழுதினார். அபோபஸ், டெமோபோன் ஆகிய இருவரும் அவருடைய உடன்பிறந்தார் மக்கள். தெரிப்பிடிஸ் என்பவர் இளமைக்கால நண்பர். உறவும் நட்பும் மட்டும் போதா என்று எண்ணினார் போலும். ஒவ்வொருவருக்கும் ஒரு நன்மையையும் சேர்த்தே எழுதினார். டெமோபோனுக்கு இரண்டு டாலண்டு உடனே கொடுக்கப்படும். பெண் வயது வந்ததும் அவளை அவர் மணந்துகொள்ள வேண்டும். அபோபஸ் 80 மினா பெற்றுக்கொண்டு விதவையை மணந்து அவ்வீட்டிலேயே குடியிருக்கலாம். தெரிப்பிடிஸ், மகன் ஆளாகும்வரை 70 மினாவின் வட்டியை அனுபவிக்கலாம். நன்றியுள்ளவர்கள் நம்பிக்கைத் துரோகம் செய்ய மாட்டார்கள் என்பது அவருடைய கருத்து.

பத்து ஆண்டுகள் கழிந்தன. மகன் உரிய வயதை அடைந்து சொத்தைக் கேட்டான். வீடும், பதினான்கு அடிமைகளும், 30 மினா வெள்ளியும் அவனிடம் ஒப்படைக்கப்பட்டன. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 70 மினா பெறும். தந்தை வைத்தது 840 மினா. பன்னிரண்டில் ஒரு பங்கே மகன் கைக்கு வந்தது. அபோபஸ் 80 மினாவைப் பெற்றுக்கொண்டாரேயன்றி விதவையை மணக்கவும் இல்லை. அவளுக்கு உணவுப் பொருள் அளிக்கவும் இல்லை. பையனுக்குக் கற்பித்த ஆசிரியர்களின் சம்பளத்தையும் அவர் கொடுக்கவில்லை என்பது மகனின் குற்றச்சாட்டு.

கி.மு. 364-இல், இருபது வயதளவில், டெமாஸ்தனிஸ் அபோபஸின்மீது வழக்குத் தொடுத்துத் தாமே வாதாடினார். அவ்வுரைகள் இன்றும் கிடைக்கின்றன. அவை ஒரு கட்சியின் வாதங்களே என்பதை வரலாற்று மாணவர் நினைவில் வைக்க வேண்டும். ஆயினும் அவர் காட்டிய சான்று ஒன்று அசைக்க முடியாதது. போர்ச் செலவுக்காகச் சொத்தின்மீது விதிக்கப்பட்ட வரிக்குப் பெயர் பதிந்தபோது, காப்பாளர்களே சிறுவனை நகரின் மிகப் பெருஞ்செல்வர் வரிசையில் சேர்த்திருந்தனர். அதன்படி சொத்து ஏறத்தாழ 15 டாலண்டு ஆகிறது. உயிலையோ அவர்கள் மன்றத்தில் காட்டவில்லை. அரசுக்கு எழுதிக் கொடுத்த கணக்கு, மறைத்த கணக்கைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

அவர் வேறொன்றையும் எடுத்துரைத்தார். தந்தையற்ற சிறுவரின் சொத்தை ஆர்க்கன் என்னும் அதிகாரியின் மேற்பார்வையில் குத்தகைக்கு விட ஏதென்ஸின் சட்டம் வழி வகுத்திருந்தது. குத்தகைக்கு எடுப்பவர் தம் நிலத்தை ஈடு வைக்க வேண்டும். ஈட்டைக் குறிக்கும் கல் அந்நிலத்தில் யாவரும் காண நடப்படும். அவ்வாறு விடப்பட்ட மற்றொரு சிறுவனின் மூன்றரை டாலண்டுச் சொத்து, ஆறே ஆண்டுகளில் ஆறு டாலண்டுக்கு மேலாகப் பெருகியதை அவர் எடுத்துக்காட்டினார். தம் சொத்தை அங்ஙனம் விடாமைக்குக் காப்பாளர் கூறிய காரணம், தந்தை அதனை விரும்பவில்லை என்பதே.

மன்றம் அபோபஸ் பத்து டாலண்டு கொடுக்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பைப் பெறுவது வேறு, பணத்தைப் பெறுவது வேறு. அபோபஸின் நிலத்தைக் கைக்கொள்ளச் சென்றபோது, அது தன் தங்கையின் சீதனத்துக்கு ஈடு என்று அவருடைய மைத்துனர் ஒனெட்டர் தடுத்தார். அவர்மீது மற்றொரு வழக்குத் தொடர வேண்டியதாயிற்று.

தந்தை செய்த பிழை யாது? அவர் அசட்டையாக இருந்தவர் அல்லர், அன்பற்றவரும் அல்லர். காவலுக்குரிய ஊதியத்தை முன்னரே கொடுத்தார். கணக்குக் கேட்பாரை வைக்காமல் போனார். காவலர் மூவராயினும் மூவருக்கும் அப்பொருளில் பங்கு இருந்தது. பங்கில்லாத நான்காமவர் ஒருவரும் இல்லை.

நம் நாட்டுப் பழைய நீதிநூலாரும் இதனைச் சிந்தித்திருக்கின்றனர். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம், சிறுவரின் சொத்தை அவர்கள் உரிய வயதை அடையும்வரை ஊர்ப் பெரியோர் வளர்த்துவர வேண்டும் என்று விதிக்கிறது. காத்தல் மட்டுமன்றி வளர்த்தலும் கடமை என்பதும், அது தனி ஒருவரிடம் அன்றி ஊர்ப் பெரியோர் பலரிடம் ஒப்படைக்கப்படுகிறது என்பதும் கருதத்தக்கவை.

உறவினர்தாமே ஏமாற்றினர், பெற்றோரே பொருளை வைத்திருந்தால் இத்தொல்லை இராதன்றோ என்று கேட்கலாம். அதற்கும் வரலாறு விடை கூறுகிறது. 1921-இல் சார்லி சாப்ளினுடன் ஒரு படத்தில் நடித்து உலகப் புகழ் பெற்ற ஜாக்கி கூகன் என்னும் அமெரிக்கச் சிறுவன் பல இலட்சம் டாலர் ஈட்டினான். தந்தை இறந்த பின்னர், 1935-இல் இருபத்தொரு வயது நிரம்பியபோது, தன் பொருளைக் கேட்டான். தாயும் மாற்றாந்தந்தையும் கொடுக்க மறுத்தனர். கலிபோர்னியாவின் அக்காலச் சட்டப்படி சிறுவரின் சம்பாத்தியம் பெற்றோருக்கே உரியது. 1938-இல் தொடுத்த வழக்கின் முடிவில் அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 1,26,000 டாலர். இதன் விளைவாக 1939-இல் அம்மாநிலம் புதிய சட்டம் ஒன்றை இயற்றியது. 2000-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, சிறுவர் கலைஞரின் ஊதியம் சிறுவருக்கே உரியது. அதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கைத் தனிக் கணக்கில் வைத்தே தீர வேண்டும்.

இந்தியாவிலும் 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், மைனருடைய வீட்டையோ நிலத்தையோ நீதிமன்ற அனுமதியின்றி விற்கவும் அடைமானம் வைக்கவும் தந்தைக்கும் தாய்க்குமே உரிமையில்லை என்று கூறுகிறது. பெற்றோரின் அன்பை ஐயுற்று எழுந்த விதி அன்று இது. அன்புடையவருக்கும் கடன் வரும், தொழில் நசியும், பிறர் சொல் கேட்டு மனம் மாறும். அந்நேரத்தில் பிள்ளையின் பொருள்தான் முதலில் கைக்கு எட்டும்.

ஆகவே பிள்ளைக்கென வைத்த பொருளைப் பெற்றோர் தம் பொருளோடு கலவாமல் தனியே வைக்க வேண்டும். அது வளருமாறு செய்ய வேண்டும். அதில் பங்கில்லாத ஒருவர் ஆண்டுதோறும் கணக்குப் பார்க்கும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். பிள்ளை விவரம் அறிந்ததும் அக்கணக்கை அவனுக்கோ அவளுக்கோ காட்டவும் வேண்டும். மாணவர்களே, நாளை நீங்களும் பெற்றோராவீர்கள். பிறர் பிள்ளைக்குக் காப்பாளராகவும் நேரலாம். அப்போது உங்களிடம் யாரேனும் கணக்குக் கேட்டால் அதனை அவமதிப்பாகக் கொள்ளாதீர்கள். ஏதென்ஸில் அந்தப் பத்து ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒருமுறை யாரேனும் கேட்டிருந்தால், 840 மினா 70 மினாவாகக் குறைந்திராது.