நாட்பட்ட நோவும் முழு மனிதனும்

நோவை ஒவ்வொரு மனிதனும் தனித்தே அனுபவிக்கின்றான். ஆனால் நோவு யாது, அதனைத் தணிப்பது எவ்வாறு என்னும் வினாக்களுக்கு அவன் தனித்து விடை கண்டானல்லன். அவ்வக்காலத்துச் சமுதாயமே தனக்கியைந்த விடையை அளித்து வந்திருக்கின்றது. ஆதலின் நோவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை அறிந்துகொள்வது வைத்தியர்க்கு மட்டும் உரிய காரியமன்று.

பதினேழாம் நூற்றாண்டிலே பிரான்சியத் தத்துவஞானியான டேக்கார்ட் மனித உடலை ஒரு பொறியாகக் கண்டார். 1650இல் அவர் இறந்தபின் வெளிவந்த நூலொன்றில், நெருப்பிற் பட்ட கால் நோவை உணரும் விதத்தை அவர் விளக்குகின்றார். கயிற்றின் ஒரு நுனியை இழுத்தால் மறுநுனியிற் கட்டிய மணி ஒலிப்பதுபோல, காலிலே தோன்றும் அசைவு நரம்புவழியே சென்று மூளையிற் சேருகின்றது என்பதே அவ்விளக்கம். நோவைத் தெய்வ தண்டனையெனப் பலரும் நம்பிய காலத்தில் இது பெரியதொரு முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதனுள் ஒரு குறைபாடும் அடங்கியிருந்தது. காயத்தின் அளவே நோவின் அளவு. காயம் இல்லையேல் நோவும் இல்லை. மணிக்கயிற்றுக் கொள்கையிலிருந்து பெறப்படும் முடிபுகள் இவை.

இம்முடிபுகளால் யார் இடர்ப்பட்டனர் என்பதை இங்கிலாந்தின் புகையிரத வரலாறு காட்டும். புகையிரத விபத்துக்களிற் சிக்கியோர் பலர், வெளிக்காயம் எதுவுமின்றியே மாதக்கணக்கில் முதுகு நோவினால் வருந்தினர். முண்ணாண் அதிர்ச்சியே இதற்குக் காரணம் என 1866இல் எரிக்சன் என்னும் சத்திரவைத்தியர் எழுதினார். புகையிரதக் கம்பெனியொன்றின் சத்திரவைத்தியராயிருந்த ஹேபட் பேஜ் 1883இல் அதனை மறுத்தார். முண்ணாணிற் சேதமில்லை, அச்சத்தின் விளைவே பெரிது என்றார். இருவர் கூற்றிலும் உண்மையின் ஒவ்வொரு கூறு இருந்தது. ஆனால் நட்டஈட்டு வழக்குகள் நிகழ்ந்த நீதிமன்றங்களில் எழுந்த வினா வேறு: நோவு உடலில் உள்ளதா, மனத்தில் உள்ளதா? மனத்தில் உள்ளதெனின் அது மெய்யா, பொய்யா? காயத்தைக் காட்ட முடியாதவன் பொய்யன் என்ற சந்தேகத்துக்கு ஆளானான். அச்சந்தேகம் இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை.

மணிக்கயிற்றுக் கொள்கையின் போதாமையை இரண்டாம் உலகப் போர் வெளிப்படுத்தியது. இத்தாலியப் போர்முனையிற் பணியாற்றிய அமெரிக்க வைத்தியரான ஹென்றி பீச்சர், கடுங்காயமுற்ற போர்வீரருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் நோவு தணிக்கும் மருந்தை வேண்டவில்லை என 1946இல் எழுதினார். சத்திரசிகிச்சை பெற்ற பொதுமக்களோ, காயம் சிறிதாயினும், பெரும்பாலும் மருந்தை வேண்டினர். போர்வீரனுக்குக் காயம் போர்முனையிலிருந்து விடுதலையைத் தந்தது. உழைத்துண்ணும் குடும்பத்தலைவனுக்கோ அது பேரிடராயிற்று. காயத்தின் பொருள் வேறுபடவே நோவும் வேறுபட்டது.

இவ்வுண்மையைச் சிகிச்சைமுறையாக்கிய ஜோன் பொனிக்கா, 1917இல் இத்தாலியின் பிலிக்கூடி என்னும் சிறுதீவிற் பிறந்தவர். சிறுவனாக நியூயோர்க் சென்று, தந்தையை இழந்து, சப்பாத்துத் துடைத்தும் பத்திரிகை விற்றும் வளர்ந்தவர். வைத்தியக் கல்விக்குப் பணம் தேடி மல்யுத்த மேடைகளில் முகமூடியணிந்து பொருதவர். அம்மேடைகள் அவர் உடலிற் பதித்த நோவு வாழ்நாள் முழுவதும் அவரை வருத்திற்று.

போர்க்காலத்தில் இராணுவ வைத்தியசாலையொன்றில் மயக்கமருந்துப் பிரிவின் தலைவராயிருந்தபோது, காயம் ஆறியபின்னும் நோவு ஆறாத வீரர்களை அவர் கண்டார். ஒருவரால் விளங்கிக்கொள்ள முடியாத நோயாளியைப் பலர் கூடி ஆராய்தல் வேண்டும் என்ற எண்ணம் அங்கே உருவாயிற்று. 1953இல் நோவைத் தணிக்கும் முறைகளைப் பற்றி ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட நூலொன்றை வெளியிட்டார். 1960இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, லோவெல் வைட் என்னும் நரம்புச் சத்திரவைத்தியரோடும் டொரதி குரோலி என்னும் தாதியோடும் இணைந்து நோவுச் சிகிச்சை நிலையமொன்றை நிறுவினார்.

1965இல் றொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் ஆகிய இருவரும் இதற்கு விஞ்ஞான அடிப்படை வகுத்தனர். முண்ணாணிலே ஒரு வாயில் உண்டு. உடலிலிருந்து மேற்செல்லும் செய்திகளும் மூளையிலிருந்து கீழிறங்கும் செய்திகளும் அதனைத் திறக்கவும் அடைக்கவும் வல்லன என்றனர். அடிபட்ட இடத்தைத் தடவினால் நோவு குறைவதேன், அச்சமும் சோர்வும் நோவை மிகுவிப்பதேன் என்பன இதனால் ஒருங்கே விளங்கின. அவர்கள் வரைந்த படத்தின் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டன, அடிப்படை நிலைத்தது. காயத்தின் பின் முண்ணாண் நரம்புக்கலங்களே கூருணர்வு பெற்று, சிறு தீண்டலையும் பெருநோவாக்கக்கூடும் என 1983இல் கிளிபோட் வூல்வ் காட்டினார். காயம் காணப்படாத நோவும் மெய்யான நோவே என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

நாட்பட்ட நோவு ஒரு சுழல். நோவுக்கு அஞ்சி மனிதன் அசைவதை விடுகின்றான். அசையாத தசை தளர்கின்றது. தளர்ந்த உடல் மேலும் நோகின்றது. உறக்கம் கெடுகின்றது, வேலை போகின்றது, கடன் ஏறுகின்றது, மனம் சோர்கின்றது. இச்சுழலை ஓரிடத்தில் மட்டும் அறுத்தல் அரிது. எனவே வாஷிங்டனில் உளவியலாளர் வில்பட் போடைஸ் முதலியோர் முழு மனிதனையும் நோக்கினர். நோவு வரும்வரை உழைத்துப் பின் சாய்ந்துகிடக்கும் வழக்கத்தை மாற்றி, குறித்த எண்ணிக்கையளவு தேகாப்பியாசத்தைப் படிப்படியாக உயர்த்தினர். குளிசையை நோவு கேட்டபோதன்றி நேரப்படி கொடுத்துக் குறைத்தனர். குடும்பத்தாரையும் சிகிச்சையிற் சேர்த்தனர். நோவு முற்றாக நீங்குதல் அரிது. ஆயினும் நோயாளர் பலர் மீண்டும் நடமாடினர். சிலர் தொழிலுக்கும் திரும்பினர்.

இத்தகைய சிகிச்சைக்குப் பல கைகளும் பல வாரங்களும் வேண்டும். அதற்குப் பணம் கொடுக்க அமெரிக்கக் காப்புறுதிக் கம்பெனிகள் தயங்கின. தொண்ணூறுகளிலிருந்து இந்நிலையங்கள் பல மூடப்பட்டன. குளிசையோ மலிவானது, கம்பெனிக்கு இலாபமும் தருவது. பேடியூ கம்பெனி 1996இல் ஒக்ஸிகொன்ரின் என்னும் அபின்வழி மருந்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அது அடிமைப்படுத்தும் ஆபத்தைக் குறைத்துக் காட்டி மக்களை ஏய்த்ததாக 2007இல் அக்கம்பெனிக் குழுமம் நீதிமன்றத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டது. முதன்முதலிற் பெருந்தொகையாக இதற்கு இரையானோருள், மேற்கு வேர்ஜினியா, கென்ரக்கி ஆகிய மாநிலங்களின் சுரங்கப் பிரதேசங்களிலே முதுகு முறிய உழைத்த மக்களும் அடங்குவர். கொடிய நோவுக்கு அபின்வழி மருந்து வேண்டப்படுவதே. புற்றுநோயாளிக்கு அதனை மறுப்பது கொடுமை. ஆனால் முழு மனிதனுக்கும் ஆற்றவேண்டிய பணிக்கு அதனைப் பதிலாக்கியது விஞ்ஞானமன்று, வாணிகம்.

டேக்கார்டின் கயிற்றை விஞ்ஞானம் அறுத்துவிட்டது. சந்தை அதனை மீண்டும் முடிந்து வைத்தது. முழு உடலையும் நோக்குதல் என்பது தேகாப்பியாசமும் மன அமைதியும் மட்டுமல்ல. அவ்வுடல் எத்துணை மணிநேரம் குனிந்து உழைக்கின்றது, எங்கே உறங்குகின்றது, எதற்கு அஞ்சுகின்றது என்பனவும் அந்நோக்கில் அடங்கும். நாரி நோவோடு வரும் தொழிலாளியை நோக்கி "எங்கே நோகின்றது?" என்று வினவுவதோடு வைத்தியம் நின்றுவிடலாகாது. "எப்படி வாழ்கின்றாய்?" என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு வரும் விடையை மாற்றும் பொறுப்பு வைத்தியருடையது மட்டுமன்று, நம் அனைவருடையதுமாகும்.